தோடம்பழ நிறத்தில் ஒரு பந்து

இந்தப் பட்டையில் ஏறும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும், விமான நிலையத்தில் பெட்டிகள் சுற்றி வருகிற அதே கறுப்புப் பட்டைதான், இங்கே அதைச் சரிவாகப் போட்டிருக்கிறார்கள், படகின் மூக்கைக் கொண்டுபோய் வைத்தால் போதும், ஆளோடு சேர்த்து இழுத்து மேல் குளத்தில் விட்டுவிடும், யாரும் எடுக்க வராத பெட்டி மாதிரி நானும் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் போகிறேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஆறு இறங்கி வருகிறது. ஆறு என்று சொல்வது பழக்கத்தில்தான், காலையில் பம்பைப் போடும்வரைக்கும் அங்கே ஆறு கிடையாது, வெறும் சிமெந்து வாய்க்கால், அடியில் பிளாஸ்டிக் கட்டைகள், ஒரு சங்கு ஊதுவார்கள், கீழ்க் குளத்துத் தண்ணீர் குழாய் வழியே மேலே ஏறும், கொஞ்ச நேரத்தில் நுரையும் இரைச்சலுமாக ஒரு ஆறு வந்துவிடும், பின்னேரம் நிறுத்தினால் வடிந்துவிடும். லண்டனுக்கு வெளியே, நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில், பெரிய கார்த் தரிப்பிடத்தோடு ஒரு ஆறு. அக்காவுக்கு இதைத் தொலைபேசியில் விளங்கப்படுத்தப் போய் நான் பட்ட பாடு. "மோட்டர் போட்டு ஆறு ஓட விடுகினமோ? அதுக்குள்ள நீ போய்த் தலைகீழாக் கவிழுறியோ? அறுபது வயசில வரவேண்டிய விசர் உனக்கு நாப்பத்தேழில வந்திட்டுதடி யசோ." வந்ததுதான். வந்து, போய், இன்றைக்குத் திரும்பவும் வந்திருக்கிறது. பட்டை லேசாக நடுங்குகிறது, அந்த நடுக்கம் படகின் அடி வழியாக முதுகில் ஏறுகிறது, அது பட்டையின் நடுக்கம்தான், என்னுடையது இல்லை. கரையோரப் பாதையில் குலன் நடந்து வருகிறார், என் கணவர், கையில் கயிற்றுப் பை, யாராவது தண்ணீரில் அகப்பட்டால் எறிகிற கயிறு. பட்டையின் வேகத்துக்குச் சரியாக நடக்கிறார், என்னைப் பார்க்காமல் நடக்கிறார், வலது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து வைக்கிறார். என் மடியில் அந்தப் பந்து கிடக்கிறது.

பந்தைப் பற்றி நினைக்கக்கூடாது என்று காலையிலிருந்து முடிவெடுத்துக்கொண்டே இருக்கிறேன். தோடம்பழ ஒரேஞ்ச் நிறத்தில், தோடம்பழத்தைவிடச் சின்னதாக, உடம்பெல்லாம் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் பந்து. என் பாவாடையின் வாரில் குலன் கட்டியிருக்கிறார். பாவாடை என்பது நான் வைத்த பெயர், படகுக் கிளப்பில் டெக் என்பார்கள், தடித்த ரப்பர், இடுப்பில் மாட்டிக்கொண்டு படகில் உட்கார்ந்து, அதன் விளிம்பை இழுத்துப் படகின் வாயைச் சுற்றிப் பூட்ட வேண்டும், தண்ணீர் உள்ளே போகாது, ஆளும் லேசில் வெளியே வர முடியாது. அதற்காகத்தான் முன்பக்கம் ஒரு வார். கவிழ்ந்து, நிமிர முடியாமல் போனால், வாரைப் பிடித்து இழுத்தால் ரப்பர் கழன்றுவிடும், ஆள் வெளியே வந்துவிடலாம். பூட்டும்போது அந்த வார் வெளியே இருக்க வேண்டும். இந்த விளையாட்டில் குழந்தைக்குச் சொல்வதுபோல் முதல் நாளே சொல்லித் தருவது அதுதான். பூட்டிவிடுகிறவர் வாரை எடுத்து வெளியே போடுவார், உட்கார்ந்திருப்பவர் அதை ஒருமுறை இழுத்துப் பார்ப்பார், அதன் பிறகுதான் பூட்டியவர் தலைக்கவசத்தில் இரண்டு தட்டு தட்டுவார், போகலாம் என்று. இன்றைக்குக் காலையில் கராஜில் பாவாடையை எடுத்தபோது வாரின் நுனியில் இந்தப் பந்து தொங்கியது. "இதென்னப்பா?" என்றேன். "சும்மா. கண்ணுக்கு வடிவாயிருக்கும்" என்றார், கயிற்றை முடிந்துகொண்டே, திரும்பாமல். குலன் கண்ணுக்கு வடிவாக எதையும் வாங்கி நான் கண்டதில்லை. கல்யாணத்துக்குப் பிறகு தனக்கு ஒரு சேர்ட்கூடத் தானாக வாங்காத மனிதர். மற்றவர்களும் இப்படிப் பந்து கட்டுவது எனக்குத் தெரியும், தலைகீழாக இருட்டில் தடவும்போது கையில் படட்டும் என்று கட்டுவார்கள். அப்படியானால் அவருக்கு ஏன் தோன்றியது, இப்போது ஏன், என்று மனம் அந்தப் பந்திலேயே வந்து வந்து இடறுகிறது. அவருக்குத் தெரியுமா. தெரிந்திருக்க வழியில்லை. நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

மேல் குளத்தில் பட்டை என்னை வழுக்கி விடுகிறது, மூக்கு தண்ணீரில் குத்தி எழும்புகிறது, முகத்தில் குளிர்ந்த துளிகள், ஜூலை மாதத்திலும் இந்த ஊர்த் தண்ணீர் இரக்கமில்லாதது. இங்கே தண்ணீர் அமைதி. பச்சையாக, தடிப்பாக, எங்கேயும் போகிற அவசரம் இல்லாததுபோல் நிற்கிறது, ஆனால் துடுப்பை எடுத்து மடியில் வைத்தால் படகு தானாகவே ஒரு பக்கமாக நகர ஆரம்பிக்கும், வாய்க்காலின் வாய் இருக்கிற பக்கமாக. எனக்கு முன்னால் ட்ரேசி காத்திருக்கிறாள், கிளப்பில் என் சினேகிதி, குளிர்காலம் முழுக்க நகரசபை நீச்சல் குளத்தில் என்னோடு நின்று என்னைக் கவிழ்த்துக் கவிழ்த்து நிமிரப் பழக்கியவள். கவிழ்ந்தபடியே துடுப்பால் தண்ணீரை வளைத்து, இடுப்பை ஒரு வெட்டு வெட்டி, படகைத் திருப்பி நிமிர்வது. தலை கடைசியாகத்தான் வர வேண்டும். அதுதான் கஷ்டம். மூச்சு முட்டுகிற ஆளுக்குத் தலைதான் முதலில் வெளியே வரப் பார்க்கும், தலையைத் தூக்கினால் படகு திரும்பாது. "தலையை மற, அது எங்கேயும் போகாது" என்பாள் ட்ரேசி. நல்லவள்தான், ஆனால் ஒருநாள், ஷெல்லடிக்குள் வளர்ந்த உனக்கு இதெல்லாம் ஒரு பயமா என்று கேட்டாள். எனக்குச் சுள்ளென்று வந்தது. ஷெல்லுக்குள் நான் விரும்பிப் போய் நிற்கவில்லை, இதற்குள் விரும்பி வந்து இறங்குகிறேன், இரண்டும் ஒரே பயமா. ஒரு பயத்தைப் பட்டவளுக்கு மற்றப் பயங்கள் எல்லாம் தள்ளுபடி ஆகிவிடும் என்று ஏன்தான் நினைக்கிறார்களோ. ட்ரேசி திரும்பிப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டுகிறாள், வாய்க்கால் வாயில் மூக்கை நுழைக்கிறாள், இறங்கிவிட்டாள், தலைக்கவசம் மட்டும் ஒருமுறை தெரிந்து மறைகிறது. நான் இன்னும் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போகிறேன். யாரும் துரத்தவில்லை.

இரண்டு கோடைக்கு முன்னால் இதே இடத்தில் நான் சுற்றவில்லை, அவசரமாக இறங்கினேன். அன்றைக்குப் பாவாடை புதிது, ரப்பர் இறுக்கம், குலன் முழந்தாளிட்டு அதோடு மல்லுக்கட்டினார், முன்பக்கத்தை இழுத்தால் பின்பக்கம் கழன்றது, அந்த நேரம் பார்த்துச் சங்கு ஊதினார்கள், பின்னால் ஒரு கூட்டம் காத்திருந்தது, கடைசியில் உள்ளங்கையால் ஒரே அடி, விளிம்பு போய்ப் பொருந்தியது, அவருக்கு அந்தச் சந்தோஷம், தலையில் இரண்டு தட்டு, "போயிட்டு வாரும்." மூன்றாவது இறக்கத்துக்குக் கீழே ஒரு குழி இருக்கிறது, தண்ணீர் விழுந்து தன்மேலேயே திரும்பி மடிகிற இடம், அங்கே கவிழ்ந்தேன். முதலில் பயமில்லை. நிமிரப் பார்த்தேன், தலை முந்தியது, நிமிரவில்லை. இன்னொரு தரம். இல்லை. சரி, வெளியே வந்துவிடுவோம் என்று கையை முன்னே கொண்டுபோனேன், வாரைப் பிடிக்க. வழுவழுவென்று ரப்பர். கொஞ்சம் இடப்பக்கம், ரப்பர். வலப்பக்கம், ரப்பர். என் கை அங்கே ஒரு வார் இல்லை என்று எனக்குச் சொன்ன அந்த ஒரு கணம், அதை நான் எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்துவிட்டேன், அதில் சத்தமே இல்லை, பக்கத்து வீட்டுக் கதவு பூட்டியிருக்கிறதே என்பதுபோல் ஒரு சாதாரண நினைப்பு, பிறகுதான் உடம்பு விளங்கிக்கொண்டு துள்ளியது. எப்படி வெளியே வந்தேன் என்று சரியாகத் தெரியாது. இடுப்போரம் விளிம்பை நகத்தால் கிண்டியிருக்கிறேன், முழங்காலை மேலே உதைத்திருக்கிறேன், எங்கேயோ ஒரு மூலை கழன்றிருக்கிறது. கயிறு வந்து தோளில் விழுந்தது, குலன் இழுத்தார், கரையில் போட்டு என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். பயிற்சியாளர் வந்து குனிந்து, பதற்றத்தில் கை வாரைத் தேட மறந்துவிடும், எல்லோருக்கும் நடப்பதுதான் என்றார். நான் இருமிக்கொண்டே தலையை ஆட்டினேன். ஆட்டியதோடு அது முடிந்துவிட்டது, அன்றிலிருந்து நான் பதறிப்போன ஆள். கிளப்பில் அப்படித்தான் பேசினார்கள், அன்பாகத்தான் பேசினார்கள். தொலைபேசியில் அக்காவும் அப்படித்தான், சின்னனிலும் நீ கரப்பான் பூச்சிக்குக் கட்டில்மேல ஏறுறனியல்லோ என்று.

சொல்லியிருக்கலாம். வார் உள்ளே போய்விட்டது, நீங்கள் பூட்டும்போது உள்ளே விட்டுவிட்டீர்கள் என்று காரிலேயே சொல்லியிருக்கலாம், கோபமாகக்கூட இல்லை, உப்புக் கூடிவிட்டது என்று சொல்கிற மாதிரி. ஆனால் குலன் லிஃப்ட் பரிசோதிக்கிற வேலை செய்கிறவர். வாசல் கதவைப் பூட்டிவிட்டுப் போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவர், பிறகு காரில் ஏறியபின் பூட்டினேனா என்று என்னைக் கேட்கிறவர். மகளுக்குச் சைக்கிள் பழக்கியபோது ஒவ்வொரு நாளும் பிரேக்கைக் கழற்றிப் பூட்டியவர். அவர் கையால், அவர் முழந்தாளிட்டு, என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார் என்று தெரிந்தால் அந்த மனிதர் என்ன ஆவார். அதனால் வாயைத் திறக்கவில்லை. பதறியவள் என்ற பெயர் எனக்குப் பெரிய பாரமும் இல்லை. பிறகு அவர் படகில் ஏறுவதை நிறுத்திவிட்டார், முழங்கால் நோகிறது என்றார், நம்பினேன், இந்த வயதில் யாருக்குத்தான் நோகாது. மகள் படிக்கப் போன பிறகு வெறிச்சோடிப்போன வீட்டிலிருந்து நாங்கள் இருவரும் சேர்ந்து கண்டுபிடித்த ஒரே விளையாட்டு இது, சனிக்கிழமை காலையில் தேநீர்ப் போத்தலும் ஈரத் துவாயுமாக இருவரும் ஏதோ கள்ள வேலை செய்கிற மாதிரி சிரித்துக்கொண்டு வருவோம். அது போய்விட்டது. சனிக்கிழமைகளில் அவர் கராஜைக் கூட்டுகிறார், நான் குசினியைத் துடைக்கிறேன். நல்லாகத்தான் பேசிக்கொள்கிறோம், பால் முடிந்துவிட்டதா, மகள் எடுத்தாளா. இன்றைக்குக் காரின் மேலே இரண்டு படகையும் கட்டியிருந்தார், நான் கேட்டேன், "ஒண்டை மட்டும் கட்டினால் பலன்ஸ் இல்லை" என்றார். நான் இங்கே திரும்பி வந்தது எனக்காக மட்டும் இல்லை. அவரும் திரும்ப வேண்டும், அதுதான் எனக்கு வேண்டும், ஆனால் அதைக் கேட்கப் போனால் மற்றதையும் பேச வேண்டி வரும். பந்து மடியில் உருண்டு என் கட்டைவிரலில் படுகிறது. சரி, போவோம்.

மூக்கு விளிம்பைத் தாண்டுகிறது, உடனே சத்தம் என்னைச் சுற்றி மூடிக்கொள்கிறது, முதல் இறக்கம், குனி, துடுப்பை ஊன்று, நுரை நெஞ்சில் அடிக்கிறது, வழிகிறது, நான் இன்னும் மேலே இருக்கிறேன், என் உடம்புக்கு இது மறக்கவில்லை, எனக்குத்தான் மறந்திருந்தது, இடுப்பு தானாகச் சரிகிறது, வலப்பக்கம் ஒரு ஒதுக்குத் தண்ணீர், மூக்கை அதில் கொடுத்துப் படகைத் திருப்பி நிற்கிறேன். மூச்சு. இப்படி ஓட்டத்துக்கு நடுவிலேயே ஒதுங்கி நிற்க இடம் இருப்பதுதான் எனக்கு இந்த விளையாட்டில் பிடித்தது, ஒரு கை தூரத்தில் அத்தனை ஆர்ப்பாட்டம், நான் இங்கே மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்கிறேன். நான் வேலை செய்கிற மருந்தகத்தில் இப்படி ஒதுக்கு கிடையாது, காலை முதல் மாலை வரை பைகள் வந்துகொண்டே இருக்கும், ஒருவர் எடுத்து வைத்த மருந்தை இன்னொருவர் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும், அந்த இன்னொருவர் நான். இரண்டாவது இறக்கம். அது சின்னது, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. அதற்குக் கீழே வளைவு, வளைவில் பாலம், பாலத்துக்கு அந்தப் பக்கம் கரையில் குலன் நிற்கிறார், மூன்றாவது இறக்கத்துக்கு நேரே, கால்களை அகட்டி வைத்து, கயிற்றுப் பையின் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கை பைக்குள். முகம் தெரிகிறது. அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு ஐயோ என்று இருந்தது. என்னைப் பார்க்கிற முகம் இல்லை அது, என் இடுப்பைப் பார்க்கிறது, பந்து இருக்கிற இடத்தை. அதைப் பார்த்துக்கொண்டே இறக்கத்தில் இறங்கினேன், தண்ணீரைப் பார்க்க வேண்டிய நேரத்தில் புருஷனைப் பார்த்தால் என்ன ஆகும், குழி படகின் விளிம்பைப் பிடித்து இழுத்தது, நான் துடுப்பைக் கொண்டுபோவதற்குள் வானம் சரிந்து போய்விட்டது.

கீழே சத்தம் வேறு. மேலே இரைச்சல், கீழே ஒரு கனத்த முழக்கம், தூரத்தில் லொறி போகிற மாதிரி. பழுப்பும் வெள்ளையும். குளிர் மூக்கு வழியே நெற்றிக்குள் ஏறுகிறது. நான் தலைகீழாக இருக்கிறேன், இது அந்த இடம்தான், அதே இடம். ஒரு கை நான் சொல்லாமலே துடுப்பை விட்டுவிட்டு முன்னே போகிறது, போகாதே என்று சொல்ல நேரமில்லை, ரப்பர், வழுவழுப்பு, பிறகு பந்து. ஓட்டைகளில் விரல் நுழைகிறது. வார் இறுகுகிறது. இருக்கிறது. இழுத்தால் வந்துவிடலாம். இழுத்தால் வந்துவிடலாம் என்று தெரிந்ததும் இழுக்கத் தேவையில்லாமல் போய்விட்டது, அது எப்படி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, நெஞ்சுக்குள் இரண்டு வருஷமாக முறுக்கி வைத்திருந்த ஏதோ ஒன்று தளர்ந்தது, அடடா, நேரம் இருக்கிறதே என்று நினைத்தேன். விரலை விடுவித்தேன். கை துடுப்புக்குத் திரும்பியது. குனிந்து, நெற்றியைப் படகோடு சேர்த்து, துடுப்பைப் பக்கவாட்டில் நீட்டி, அலகு மேலே காற்றில் தட்டுப்படும்வரை காத்திருந்தேன். வளை. இடுப்பை வெட்டு. தலையை மற. படகு முதலில் போனது, பிறகு நெஞ்சு, தலை எல்லாவற்றுக்கும் கடைசியாக வெளிச்சத்துக்குள் வந்தது, நான் இருமிக்கொண்டு, பின்பக்கமாகத் திரும்பி, எங்கே போகிறேன் என்று தெரியாமல் மிச்ச ஆற்றில் மிதந்து இறங்கிக்கொண்டிருந்தேன். ட்ரேசி எங்கேயோ கூக்குரல் போடுகிறாள்.

கீழ்க் குளத்தில் தண்ணீர் மறுபடியும் ஒன்றும் தெரியாததுபோல் நிற்கிறது. கரைக்கு ஒதுங்குகிறேன். பாதையில் குலன் ஓடி வருகிறார். கயிற்றுப் பை ஒரு பக்கம் இழுபட, தொப்பி விழுந்ததைத் திரும்பிப் பார்க்காமல், காலை இழுக்காமல், பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஓடி வருகிறார். வந்து முழந்தாளிட்டு என் படகின் மூக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறார். கெட்டிக்காரி என்று சொல்லவில்லை. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"பந்து கையில பட்டதோ?"

"பட்டது."

"நீர் இழுக்கேல்லை."

"தேவைப்படேல்லை."

படகின் மூக்கிலிருந்து தண்ணீரை வழித்து வழித்து விடுகிறார், அங்கே வழிக்க ஒன்றும் இல்லாதபோதும். பிறகு தண்ணீரைப் பார்த்துச் சொல்கிறார், "அண்டைக்கு வார் உள்ளுக்க இருந்தது, என்ன."

எந்த வார் என்று கேட்பதற்கு இரண்டு வருஷமாகத் தயாராக இருந்தேன். அவ்வளவு சாதாரணமாகக் கேட்க வேண்டும் என்று குளிக்கும்போது சொல்லிப் பார்த்ததும் உண்டு. இப்போது வரவில்லை. "ஆர் சொன்னது?" என்றேன்.

"ஒருத்தரும் சொல்லேல்லை. உம்மட நகம். உடைஞ்சு, அதுக்குள்ள கறுப்பா ரப்பர் இருந்தது. விளிம்பு முழுக்கக் கிண்டின கையில, வார் வெளியில இருந்திருந்தால் பட்டிருக்குமே. நான்தானே பூட்டினனான்." படகின் மூக்கை இறுக்கிப் பிடித்தார். "எல்லாரும் நீர் பயந்திட்டீர் எண்டு சொல்லேக்க நீரும் ஓமெண்டு தலையாட்டினீர். நான் பாத்துக்கொண்டு நிண்டனான். ஏன் யசோ நீர் சொல்லேல்லை?"

"நீங்கள் ஏன் கேக்கேல்லை?"

அவருக்குத் தெரியக்கூடாது என்று நான் மறைத்ததை, அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியக்கூடாது என்று அவர் மறைத்திருக்கிறார், ஒரே வீட்டில், ஒரே சனிக்கிழமைகளில், அவர் கராஜைக் கூட்ட, நான் குசினியைத் துடைக்க. எனக்கு அழுகை வந்தது, முகம் ஏற்கெனவே நனைந்திருந்ததால் வசதியாகப் போயிற்று. இந்த மனிதர்மேல் எனக்கு இருக்கிற அன்பு அந்த நேரம் பொறுக்க முடியாததாக இருந்தது, கோபமும் கூடவே இருந்தது, இரண்டையும் பிரிக்க நான் முயலவில்லை. பந்தைப் பிடித்து இழுத்தேன். பாவாடை படகின் வாயிலிருந்து படாரென்று கழன்றது. எழும்பிக் கரையில் ஏறினேன், தண்ணீர் சொட்டச் சொட்ட.

"வாங்கோ, உங்கட படகை இறக்குவம்."

"முழங்கால்..."

"இப்ப ஓடி வந்தனீங்கள்."

அவர் முழங்காலைக் குனிந்து பார்த்தார், அது தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டதுபோல். சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு சத்தம் வந்தது அவரிடமிருந்து. கார்த் தரிப்பிடத்துக்கு முன்னும் பின்னுமாக நடந்தோம், கயிறுகளை அவிழ்த்தோம், படகை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தோம், உள்ளே சிலந்தி வலை இருந்தது, ஊதினேன். தன் பாவாடையைக் காரின் பின்பெட்டிக்கு அடியிலிருந்து எடுத்தார், அதையும் கொண்டுவந்திருக்கிறார், பலன்ஸுக்காக. அவர் உட்கார்ந்தார். நான் முழந்தாளிட்டேன். ரப்பர் காய்ந்து விறைத்துப் போயிருந்தது, முன்பக்கத்தை இழுத்தால் பின்பக்கம் கழன்றது, அவர் உதவி செய்யக் கையைக் கொண்டுவந்தார், விடுங்கோ என்றேன். கடைசியில் பொருந்தியது. தலையில் தட்டுவேன் என்று அவர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார், நான் தட்டவில்லை. வாரை வெளியே எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"இழுத்துப் பாருங்கோ."

இழுத்துப் பார்த்தார். பிறகுதான் தட்டினேன்.